குடலின் நல்ல பாக்டீரியாவைப் புரோபயாட்டிக் மீட்டுத் தருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன்டிபயாட்டிக் எழுதிய சீட்டோடு மருந்துக்கடைக்கு வருபவர்களில் பலர் இப்போது கூடவே, உயிருள்ள நல்ல நுண்ணுயிர் அடங்கியது என்று விற்கப்படும் புரோபயாட்டிக் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். சீட்டில் அது இல்லாவிட்டாலும் கேட்கிறார்கள். ஈரோடு மாவட்டத்தில் மருந்தாளுநராகப் பணிபுரியும் என்னிடம் இதைப் பற்றி வரும் கேள்விகளையும், அவற்றுக்கு ஆய்வுகள் இன்றுவரை தந்திருக்கும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் உடல்நிலை அறிந்த மருத்துவர் சொல்வதே உங்களுக்குப் பொருந்தும்.

குடலில் எவ்வளவு பாக்டீரியா இருக்கின்றன? அவற்றால் நமக்கு என்ன பயன்?

2016இல் வெளியாகி இன்று பரவலாக ஏற்கப்படும் கணக்கின்படி, நடுத்தர உடல்வாகுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியா வாழ்கின்றன. உடலின் சொந்தச் செல்கள் 30 லட்சம் கோடி அளவில்தான் இருக்கின்றன. பாக்டீரியாவில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் உள்ளது. அத்தனையையும் சேர்த்து நிறுத்தாலும் 200 கிராம் அளவுக்குத்தான் வரும். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை நொதிக்கவைத்து, பியூட்டிரேட் முதலான குறுங்கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் இந்தப் பியூட்டிரேட்தான். வைட்டமின் கே போன்ற சிலவற்றையும் அவை உண்டாக்குகின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமாக, இருக்கும் இடத்தையும் உணவையும் தாங்களே எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து வரும் நோய்க்கிருமி காலூன்ற விடாமல் தடுக்கின்றன. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் விடைகள் பலவும் இதையே சார்ந்திருக்கின்றன.

‘ஏனுங்க, அஞ்சு நாள் மாத்திரை தின்னா நல்ல பாக்டீரியா அத்தனையும் செத்துப் போயிருமுங்களா?’

அத்தனையும் சாவதில்லை. மருந்தின் வகை, அளவு, நாட்கள் ஆகியவற்றைப் பொறுத்துச் சில இனங்கள் வெகுவாகக் குறைகின்றன, சில மறைகின்றன, சில அந்த இடைவெளியில் அளவுமீறிப் பெருகுகின்றன. டென்மார்க்கில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக இருந்த 12 ஆண்களுக்கு மெரோபெனம், ஜென்டமைசின், வான்கோமைசின் என்ற வலுவான மூன்று மருந்துகளை ஒன்றாக 4 நாட்கள் கொடுத்தார்கள். சளிக்கும் காய்ச்சலுக்கும் நாம் வாங்கும் மாத்திரைகளைக் காட்டிலும் இது மிகக் கடுமையான தாக்குதல். அப்படியிருந்தும், அவர்களுடைய குடல் பாக்டீரியாவின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் பழைய நிலையை நெருங்கிவிட்டது. ஆனால் தொடக்கத்தில் எல்லோரிடமும் இருந்த 9 இனங்கள் 180 நாட்கள் கழித்துப் பார்த்தபோதும் பெரும்பாலானவர்களிடம் தென்படவில்லை.

இதில் ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. மருந்து நின்றதும் குடல் பெருமளவு தானாகவே தேறுகிறது. முழுமையாகத் தேறும் என்று மட்டும் உறுதி கூற முடியாது.

புரோபயாட்டிக் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் அமைத்த வல்லுநர் குழு 2001இல் இதற்கு ஒரு வரையறை தந்தது. உயிருள்ள நுண்ணுயிராக இருக்க வேண்டும், போதிய அளவில் உட்கொள்ளப்பட வேண்டும், உட்கொண்டவருக்கு உடல்நலப் பயன் தர வேண்டும் என்பதே அதன் சாரம். இழந்த பாக்டீரியாவைத் திரும்பக் குடியேற்ற வேண்டும் என்று அந்த வரையறை எங்கும் கேட்கவில்லை. அந்த எதிர்பார்ப்பு விளம்பரங்கள் வழியாக வந்து மக்கள் மனத்தில் பதிந்தது.

அப்படியானால், போன பாக்டீரியாவை அது திரும்பக் கொண்டுவருமா, வராதா?

நலமாக இருந்து ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்ட ஒருவருக்கு, இப்போது கடைகளில் கிடைக்கும் புரோபயாட்டிக்குகள் அவருடைய பழைய பாக்டீரியாக் கூட்டத்தை மீட்டுத் தருகின்றன என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்பதே என் நேரடியான விடை. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். குழந்தைகளுக்கு வாங்கும் 5 மில்லி பிளாஸ்டிக் குப்பியில் பேசிலஸ் கிளாசி என்ற பாக்டீரியாவின் 200 கோடி வித்துகள் (உறங்குநிலையில் இருக்கும் பாக்டீரியா) இருக்கின்றன. கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் 38 லட்சம் கோடியோடு ஒப்பிட்டால் அது 19,000இல் ஒரு பங்குதான். அடுத்தது வகை. பெருங்குடலில் வாழும் பாக்டீரியா நூற்றுக்கணக்கான இனங்களைச் சேர்ந்தவை. அவற்றில் பெரும்பாலானவை ஆக்சிஜன் பட்டாலே மடிந்துவிடும். ஆகவே அவற்றைப் பொடியாக்கிக் குப்பியில் அடைப்பது எளிதன்று. கடைக்கு வருபவை லாக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம், பேசிலஸ், ஒரு வகை ஈஸ்ட் என்று தயாரிப்புக்கும் சேமிப்புக்கும் தாக்குப்பிடிக்கும் ஒரு சிலவே. வளர்ந்த ஒருவரின் பெருங்குடலில் லாக்டோபேசிலஸ் மிகச் சிறிய பங்கே வகிக்கிறது. இழந்தது ஒன்று, நாம் விழுங்குவது வேறொன்று.

மூன்றாவதாக, நேரடியான சோதனை ஒன்றும் நடந்திருக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நலமான 21 பேர் ஒரு வாரம் சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல் ஆகிய இரண்டு மருந்துகளையும் சாப்பிட்டார்கள். அதன்பின் ஒரு பிரிவினரை எதுவும் கொடுக்காமல் விட்டார்கள். இரண்டாம் பிரிவினருக்கு 11 திரிபுகள் (ஓர் இனத்துக்குள் இருக்கும் உட்பிரிவுகள்) கொண்ட புரோபயாட்டிக்கை 4 வாரங்கள் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு, மருந்து தொடங்கும் முன்பே எடுத்துச் சேமித்து வைத்திருந்த அவரவர் மலத்தையே குடலுக்குள் திரும்பச் செலுத்தினார்கள். மூன்றாம் பிரிவினர் சில நாட்களிலேயே பழைய நிலைக்குத் திரும்பினர். எதுவும் எடுக்காதவர்கள் ஏறத்தாழ மூன்று வாரங்களில் அந்நிலையை நெருங்கினர். புரோபயாட்டிக் எடுத்தவர்கள்தான் எல்லோரிலும் பிந்தினர். ஐந்து மாதம் கழித்தும் அவர்களுடைய சொந்தப் பாக்டீரியா முழுமையாகத் திரும்பியிருக்கவில்லை. களைக்கொல்லி அடித்த காட்டில், மழை பெய்ததும் தானாக முளைத்திருக்க வேண்டிய புல்லையும் பூண்டையும் முந்திக்கொண்டு, வாங்கித் தூவிய ஒரே விதை இடத்தை அடைத்துக்கொள்வதைப் போன்றது இது.

இந்த ஆய்வை அளவுக்கு மீறித் தூக்கிப்பிடிக்கவும் கூடாது. 21 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. சோதித்தது ஒரே கலவை. பங்கேற்றவர்கள் நோயாளிகள் அல்லர். பாக்டீரியா தாமதமாகத் திரும்பியதால் அவர்களுக்கு ஏதும் கெடுதல் நேர்ந்தது என்றும் அது காட்டவில்லை. ஆயினும், மீட்பதற்காகவே விழுங்கப்படும் ஒன்று மீட்சியைத் தள்ளிப்போடவும் கூடும் என்ற அந்த முடிவை அறிந்த பிறகு, ‘எதற்கும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்’ என்று கேட்காதவருக்கும் எடுத்துக் கொடுப்பது முறையல்ல என்று நான் கருதுகிறேன்.

பின் மருத்துவர்கள் ஏன் எழுதித் தருகிறார்கள்?

அவர்கள் எழுதித் தருவது பெரும்பாலும் வேறொரு நோக்கத்துக்காக. ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் நாட்களில் வரும் வயிற்றுப்போக்கைத் தடுப்பதற்குப் புரோபயாட்டிக் உதவுகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. குழந்தைகளிடம் நடந்த 33 ஆய்வுகளைச் சேர்த்து 2019இல் வெளியான, கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பின் தொகுப்பில், புரோபயாட்டிக் எடுத்தவர்களில் 8 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 19 சதவீதத்தினருக்கும் வயிற்றுப்போக்கு வந்திருந்தது. இதில் அதிகம் நம்பப்படுபவை லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜி.ஜி., சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற இரண்டும். பெரியவர்களிடம் முடிவுகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. பிரிட்டனில் மருத்துவமனையில் இருந்த ஏறத்தாழ 3,000 முதியவர்களைக் கொண்டு நடத்தி 2013இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் பயன் தெரியவில்லை.

பேதி குறைவது ஒரு பயன். பழைய பாக்டீரியாக் கூட்டம் திரும்புவது வேறொரு நிகழ்வு. முதலாவது நடப்பதற்கு இரண்டாவது நடக்க வேண்டிய தேவையில்லை. விழுங்கிய நுண்ணுயிர் குடலைக் கடந்துபோகும் சில நாட்களில் அமிலத்தைச் சுரந்தும், நோய்க்கிருமியோடு போட்டியிட்டும், குடற்சுவரின் எதிர்ப்பாற்றலைத் தூண்டியும் வேலை செய்கிறது. நிறுத்திய சில நாட்களிலோ வாரங்களிலோ பெரும்பாலும் மலத்திலிருந்தே மறைந்துவிடுகிறது.

மருத்துவர் எழுதியிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியா வகையாக இருந்தால் ஆன்டிபயாட்டிக்குக்கும் அதற்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடச் சொல்வது வழக்கம். சாக்கரோமைசிஸ் பௌலார்டி பாக்டீரியா அல்ல, பூஞ்சை வகையைச் சேர்ந்த ஓர் ஈஸ்ட் என்பதால் ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லாது.

குழந்தைக்குப் பேதி ஆகிறது. அந்தக் குப்பி மட்டும் கொடுத்தால் போதாதா?

போதாது. குப்பியின் தலையைத் திருகி உடைத்துக் குழந்தையின் வாயில் ஊற்றிவிட்டு, அதோடு வேலை முடிந்தது என்று ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு, சர்க்கரைப் பொடி) வாங்காமல் போகும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. பேதியில் குழந்தையின் உயிருக்கு ஆபத்து வருவது நீரும் உப்பும் இழப்பதால்தான். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் ஒரு லிட்டருக்கு, காய்ச்சி ஆறிய தண்ணீரை எடுத்து முழுப் பொட்டலத்தையும் அதில் கரைத்து, ஒவ்வொரு முறை மலம் போன பிறகும் சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் பொடி என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. அதனுடன் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004 முதல் பரிந்துரைத்துவரும் துத்தநாக மருந்தை, 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதினருக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில், பேதி நின்ற பிறகும் விடாமல், 10 முதல் 14 நாட்கள் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

புரோபயாட்டிக்கைப் பொறுத்தவரை, அமெரிக்காவிலும் கனடாவிலும் குழந்தைகளிடம் நடந்து 2018இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், திடீர்ப் பேதிக்கு அது வெற்றுமருந்தை (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்தில்லாத போலியை) காட்டிலும் மேலான பயனைத் தரவில்லை. கையில் 100 ரூபாய்தான் இருக்கிறது என்றால் ஓ.ஆர்.எஸ்.ஸும் துத்தநாகமும் வாங்குங்கள்.

பெட்டியின் மேல் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

இனத்தின் பெயருக்குப் பின்னால் திரிபின் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். ‘லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ்’ என்பது இனம், ‘ஜி.ஜி.’ என்பது திரிபு. ஒரு திரிபு தந்த பயனை அதே இனத்தின் இன்னொரு திரிபும் தரும் என்று கொள்ள முடியாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, புரோபயாட்டிக் உணவில் ஒரு நாளைய அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை காலாவதி நாள் வரைக்கும் உறுதி செய்யப்படுகிறதா, தயாரித்த நாளுக்கு மட்டுமா என்பதையும் படியுங்கள்.

சேமிப்பு முறையையும் கவனியுங்கள். குளிரில் வைக்கச் சொல்லியிருக்கும் பொருளைச் சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு சந்தைக்கும் போய்விட்டு வீடு சேர்ந்தால், உள்ளே உயிரோடு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வித்து வடிவில் இருக்கும் பேசிலஸ் வகைகள் மட்டும் சாதாரண வெப்பநிலையைத் தாங்கும்.

தயிரும் மோரும் பழைய சோறும் சாப்பிடும் நமக்குத் தனியாகப் புரோபயாட்டிக் எதற்கு?

நலமாக இருப்பவருக்குத் தேவையில்லை என்றே சொல்வேன். ஆனால் இந்த உணவுகளைப் பற்றிப் பெருமைக்காகக் கூடுதலாகச் சொல்லிவிடவும் கூடாது. வீட்டில் உறைமோர் ஊற்றித் தோய்க்கும் தயிரில் எந்தத் திரிபு எவ்வளவு இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே 2001 வரையறைப்படி அது புரோபயாட்டிக் ஆகாது. அதிலுள்ள பாக்டீரியாவில் பலவும் இரைப்பையின் அமிலத்தைத் தாண்டிப் பிழைப்பதில்லை. மோர்க்குழம்பாகக் கொதிக்கவைத்துவிட்டால் உயிருள்ளது எதுவும் மிஞ்சாது. எனினும், பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, உயிருள்ள பாக்டீரியா கொண்ட யோகர்ட் (குறிப்பிட்ட பாக்டீரியாவைச் சேர்த்துத் தோய்க்கும் தயிர்) பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோசைச் செரிக்க உதவுகிறது என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2010இல் ஏற்றுக்கொண்டது.

இரவில் சோற்றில் நீரூற்றி மண்சட்டியில் மூடிவைத்தால், விடியும்போது நீரின் மேல் சிறு குமிழிகள் கட்டி இலேசான புளிப்பு மணம் வரும். லாக்டிக் அமிலப் பாக்டீரியா பெருகியிருப்பதன் அடையாளம் அது. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறிப் பெருங்குடல் வரை போய் அங்குள்ள பாக்டீரியாவுக்கு உணவாகிறது. மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கம்பங்கூழும் கிட்டத்தட்ட இதே வரிசையில் வரும்; காய்ச்சியதில் பாக்டீரியா மடிந்தாலும் கம்பின் நார்ச்சத்து அப்படியே இருக்கும். ஊற்றும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். கெட்ட வாடை அடித்தாலோ நூல்விட்டாலோ கொட்டிவிட வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரைக் கொண்டு நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், யோகர்ட், கிம்ச்சி போன்ற புளிக்கவைத்த உணவுகளை 10 வாரங்கள் தாராளமாகச் சாப்பிட்டவர்களின் குடல் பாக்டீரியாவில் இனங்களின் வகை பெருகியது. அழற்சியைக் காட்டும் குறிகள் சில குறைந்தன. நம்மூர் உணவுகளை அந்த ஆய்வு சோதிக்கவில்லை. அதனால் அதே பலன் இவற்றுக்கும் உண்டு என்று உறுதியாகச் சொல்லாமல், நல்ல உணவாகவே இவற்றைச் சாப்பிட்டுவருவோம்.

குடல் தானாகத் தேறுவதற்கு நாம் என்ன செய்யலாம்?

பிழைத்திருக்கும் பாக்டீரியாவுக்கு உணவு கொடுக்க வேண்டும். அந்த உணவு நார்ச்சத்து. கொள்ளு கடைந்தது, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கம்பஞ்சோறு, ராகிக் களி, முருங்கைக்கீரை, வாழைக்காய், சின்ன வெங்காயம் என்று கொங்கு வீட்டுச் சமையலில் முன்பு அன்றாடம் இருந்தவை இதற்கு மிகப் பொருத்தமானவை. வெங்காயத்திலும் பருப்பு வகைகளிலும் உள்ள சில நார்ச்சத்துகளைப் பிஃபிடோபாக்டீரியா விரும்பி உண்ணும். மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியும் பரோட்டாவுமாகப் போய்விட்ட வீட்டில் நாளுக்கொரு மாத்திரை விழுங்கி இதை ஈடுசெய்ய முடியாது. பேதி நடக்கும்போதே கொள்ளையும் கீரையையும் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம். வயிறு அடங்கிய பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும்.

எரிச்சல் குடல் நோய்க்கு (ஐ.பி.எஸ்.) புரோபயாட்டிக் உதவுமா?

சிலருக்கு உப்புசம் குறைவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்நோய்க்குப் புரோபயாட்டிக்கை ஆய்வுகளுக்குள் மட்டுமே பயன்படுத்தச் சொல்கிறது. முயல விரும்பினால் ஒரு மாத அளவில் பார்த்துவிட்டு, மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

இது யாருக்காவது ஆபத்தாக முடியுமா?

முடியும். எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், பெரிய இரத்தக் குழாயில் ஊசிக்குழல் பொருத்தப்பட்டவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்த நுண்ணுயிரே இரத்தத்தில் கலந்து தொற்றை உண்டாக்கியது அரிதாக நடந்திருக்கிறது. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், புரோபயாட்டிக் பெற்ற பிரிவில் 24 பேரும் பெறாத பிரிவில் 9 பேரும் இறந்தனர். குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பது பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023இல் எச்சரிக்கை விடுத்தது.

மறுபக்கமும் உண்டு. ஒடிசாவின் கிராமங்களில் 4,500க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்கு லாக்டோபேசிலஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவின் ஒரு திரிபை, அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையோடு சேர்த்து ஒரு வாரம் கொடுத்ததில், இரத்தத் தொற்றும் இறப்பும் 40 சதவீதம் குறைந்ததாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. சரியான திரிபு, சரியான வயது, சரியான நேரம் ஆகிய மூன்றும் கூடினால் இதன் பயன் உண்மையானது என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த சான்று அது. அந்தத் தேர்வு மருத்துவரின் கையில் இருக்க வேண்டும். நாமாக வாங்கிப் பிறந்த குழந்தைக்குப் புகட்டக் கூடாது.

உண்மையிலேயே பாக்டீரியாவை மீட்கும் சிகிச்சை ஏதும் இருக்கிறதா?

இருக்கிறது. ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி மீண்டும் மீண்டும் தாக்கும் நோயாளிகளுக்கு, நலமான ஒருவரின் மலத்திலுள்ள பாக்டீரியாவைக் குடலுக்குள் செலுத்துகிறார்கள். 2013இல் வெளியான ஆய்வில் ஒரே முறை செலுத்தியதில் 81 சதவீதத்தினர் குணமடைந்தனர். வான்கோமைசின் மட்டும் பெற்றவர்களில் 31 சதவீதத்தினரே குணமடைந்தனர். இது கடுமையான நிலைக்கு, பரிசோதிக்கப்பட்ட கொடையாளரைக் கொண்டு, மருத்துவமனையில் செய்வது.

ஆன்டிபயாட்டிக்கையே குறைக்க முடியாதா?

உண்மையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. சாதாரணச் சளிக்கும் பெரும்பாலான தொண்டைவலிக்கும் வைரஸ்தான் காரணம். ஆன்டிபயாட்டிக் அவற்றில் வேலை செய்யாது. ஆனாலும் ‘போன தடவை எழுதிக் கொடுத்த அதே மாத்திரை மூணு நாளைக்குக் கொடுங்க’ என்று பழைய அட்டையை நீட்டுபவர்கள் நாள்தோறும் வருகிறார்கள். பல ஆன்டிபயாட்டிக்குகள் 2014 மார்ச் முதல் எச்1 பட்டியலில் இருக்கின்றன. அவற்றைச் சீட்டின்றி விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் குறிக்கவும் வேண்டும். அட்டையின் மேல் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சொல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து. நான் மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்று தெரிந்தும் மறுக்கிறேன். தேவையில்லாமல் விழுங்காத ஓர் அட்டை மாத்திரை உங்கள் குடலுக்குச் செய்யும் நன்மையை எந்தப் புரோபயாட்டிக்கும் செய்துவிடாது. அதேசமயம், மருத்துவர் பரிசோதித்து எழுதிய மருந்தை, பாக்டீரியா செத்துவிடும் என்று அஞ்சிப் பாதியில் நிறுத்திவிடவும் கூடாது.

நாமக்கல்லும் பல்லடமும் கோழிப்பண்ணைகள் நிறைந்த பகுதிகள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கோழி, கால்நடைகளுக்குக் கொடுப்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது. பண்ணை வைத்திருப்பவர்கள் தீவனத்தில் கலந்து வரும் மருந்துகளைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

மலத்தில் இரத்தம், கடுமையான வயிற்றுவலி, விடாத காய்ச்சல், நாளொன்றுக்குப் பலமுறை நீராகப் போவது, குழந்தை சோர்ந்து கண்கள் குழிந்து சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடவும் வேண்டாம். சில தொற்றுகளில் அது நோயை முற்றவைக்கும். குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் தொற்று, ஆன்டிபயாட்டிக்கை முடித்து இரண்டு மூன்று மாதங்கள் கழித்தும் வரக்கூடும். ஆகவே அண்மையில் சாப்பிட்ட மருந்துகளின் அட்டைகளை எறிந்துவிடாமல் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.